சாக்கடைக் கணக்கு

காரைக்குடியில் எந்தப் பத்தருக்குக்
கண் மங்குகிறது என்று
அவர் வீட்டுக்காரிக்கு முன்னால் எனக்குத் தெரியும்.
அரப்பொடி கொஞ்சம் கூடுதலாகச் சிந்தும்.
குடித்தவர் பட்டறை வாசலில் பற்றுப்பொடி மின்னும்.
தை பிறந்தால் கழுத்திரு வேலை;
வாசல் மண்ணுக்கே ஒரு கர்வம் வந்துவிடும்.

விடியுமுன் கூட்டி, அலசி, மரவையில் அரிப்பவள் நான்.
மாசம் இத்தனை என்று
சந்து முழுக்கக் குத்தகை.

மூலைக் கடைக்குப் பின்லாந்துக்காரி வந்தாள்.
பேர் கேட்டேன்.
ஹில்க்கா என்றாள்.
எனக்கு "இல்லக்கா" என்று விழுந்தது.

பேருக்கேற்ற வாசல்.
பதினோரு மாசம் கூட்டினேன்,
குண்டுமணியில் கால்வாசி தேறவில்லை.
மேசைக்கடியில் ஆட்டுத்தோலைத் தொட்டில்போலக் கட்டி
உதிர்வதையெல்லாம் அதிலேயே வாங்கிக்கொள்கிறாள்.
மரவையோடு போய் நின்றேன்.
பொடி வைக்காமல் நேராகவே கேட்டேன்:
"என் குத்தகைப் பணத்துக்கு என்ன வழி?"

அவள் சண்டைக்கு வரவில்லை.
சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றிக் கொடுத்தாள்.
ஆற்றில் முழங்காலளவு நின்று
ஒரு மனுசன் தட்டுச் சுழற்றுகிறான்.
அப்பாவாம்.
ராத்திரியே வராத கோடையாம் அங்கே;
எப்போது நிறுத்துவது என்று தெரியாமல்
அரித்துக்கொண்டே இருப்பாராம்.
நாலு கோடையில் சேர்ந்தது ஒரு மோதிரத்துக்கு.
அதைப் பதினேழு வயதில் உருக்கிக் கெடுத்தாள்.
மறுபடி உருக்கினாள்.
பிறகு இருபத்திரண்டு வருசம்
துறைமுக ஊர் ஒன்றில்
தேவாலயக் கிண்ணங்களுக்கு ஒட்டுப்போட்டாள்,
புருசன் விட்டுப்போன வருசமும்,
சுட்ட கட்டைவிரல் ஆறாத வருசமும்.
ஏதோ ஒரு காட்சிசாலையில், கண்ணாடிக்குள்,
நம்மூர்க் கழுத்திருவைத்
தலைகீழாகக் கோத்து வைத்திருந்தார்களாம்.
சரி எது என்று சொல்ல அங்கே ஆளில்லை.
தூக்கம் போயிற்று.
ஐம்பது வயதில் விமானம் ஏறினாள்.

இவ்வளவும் பாதி தமிழில், பாதி கையால்.

அப்புறம் மரவையை வாங்கிக்கொண்டு
வாசற்படியில் குந்தினாள்.
நான் வலமாகச் சுழற்றுவேன்.
அவள் இடமாக, மணிக்கட்டை நொடித்து நொடித்து.
குருமணல் ஒருபக்கம் ஒதுங்க,
நான் கழித்துப் போட்ட மண்ணிலிருந்து
ஊசிமுனை மஞ்சள் மூன்று எழுந்து வந்தது.
எனக்கு முகம் சுட்டது.

மறுநாளிலிருந்து நானும் இடமாகத்தான்.
மாசத்துக்கு இரண்டு குண்டுமணி கூடத் தேறுகிறது.
பத்தர்களிடம் மூச்சு விடவில்லை,
குத்தகையை ஏற்றிவிடுவார்கள்.
அவள்தான் தினமும் கதவைத் திறந்து கேட்கிறாள்,
"கெடச்சுதா?"

கண்ணைப் பார்க்காமல்
மரவையைக் கழுவிக்கொண்டே சொல்கிறேன்:
"இல்ல, ஹில்க்கா."