இரண்டு குவளை

வால்மியெராவில் ஏப்ரல் வந்தால்
பனி போய்விட்டது என்று பொருளில்லை,
பேச்சுவார்த்தை தொடங்கியிருக்கிறது என்று பொருள்.

ஜன்னல் விளிம்பு முழுக்கத் தயிர்க் கோப்பைகள்,
அடியில் ஆணியால் குத்திய மூன்று ஓட்டை.
வெளிச்சம் போதாத தக்காளி நெட்டையாகி
கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கிறது.
மிளகாய் இன்னும் யோசிக்கிறது.
ஆஸ்டர் நாற்றுகள் இருக்கும் பக்கம்
நான் தும்முவதில்லை.

பால் ஆலைக்கு இரவு வேலைக்குக் கிளம்புமுன்
இரண்டு குவளைகளில் விதை ஊறப்போட்டேன்.
ஒன்றில் சாம்பல் பட்டாணி,
கிறிஸ்துமஸ் இரவில் பன்றிக் கொழுப்போடு வேகவேண்டியது.
இன்னொன்றில் வாசனைப் பட்டாணி.
அது பூவுக்கு மட்டும், தின்றால் விஷம்.
இடது வயிற்றுக்கு, வலது மூக்குக்கு
என்று மனசில் எழுதிக்கொண்டேன்.
காகிதத்தில் எழுதவில்லை.

விடிந்து வந்ததும் ஜன்னலைத் திறக்க
குவளைகளை நகர்த்தினேன்.
திரும்ப வைத்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒயார்ஸ்.
முப்பது ஆண்டு ரயில்களைத் தடம் மாற்றிவிட்டவர்,
ஒருமுறைகூடத் தவறாமல்.
உருளை, வெங்காயம், பீட்ரூட்,
எல்லாம் நூல் பிடித்த வரிசை.
"திங்க முடியாததுக்கு ஏன் தண்ணி ஊத்தணும்?"
அவருக்குப் பன்னிரண்டு நாற்று கொடுத்தேன்.
பட்டாணி என்றேன்.
அது பொய்யில்லை.

ஜூனில் என் வாசல் கொடியில் ஊதாப் பூ,
உள்ளே கருஞ்சிவப்பு, பார்க்க அழகு.
மூக்கை வைத்தேன். ஒன்றுமில்லை.
சளி என்று நினைத்தேன்.
இரண்டு வாரம் சளி என்றே நினைத்தேன்.
பிறகு ஒரு காலை, பூ உதிர்ந்த இடத்தில்
தட்டையாக, பச்சையாக,
விரல் நீளத்துக்கு ஒரு காய்.

செருப்பு போடாமல் வேலிக்கு ஓடினேன்.

ஒயார்ஸ் முக்காலியில் உட்கார்ந்திருந்தார், கையில் கத்தரிக்கோல்.
அளவெடுத்து இழுத்துக் கட்டிய கம்பிகளில்
வெள்ளை, ரோஜா நிறம், வெளிர்நீலம்.
அந்த வாசனை எனக்கு முன்பே வேலி தாண்டியிருந்தது;
என் மூக்கு அதை என் கொடியின் கணக்கில்
வரவு வைக்கக்கூடத் தெரியாமல் இருந்திருக்கிறது.

"காய் வந்தா சாப்பிட்டுடாதீங்க" என்றேன், மூச்சிரைக்க.

"எங்க காய் வரும்?" என்றார் திரும்பாமலே.
"தினமும் வெட்டணும். வெட்டினா காய் பிடிக்காது,
பூத்துக்கிட்டே இருக்கும். நூலகத்துல கேட்டேன்."

எப்போது கேட்டார்? எத்தனை நாளாகத் தெரியும்?
ஒன்றும் சொல்லவில்லை.
ஊறுகாய் ஜாடியில் ஒரு கொத்தைத் திணித்து நீட்டினார்.
அவர் சமையலறை ஜன்னலில்
இன்னும் நான்கு ஜாடி தெரிந்தது.

டிசம்பரில் என் பட்டாணி வெந்தது.
வாசலில் விளைந்தது இரண்டு கிண்ணத்துக்குத்தான் வந்தது.
ஒரு பட்டாணி மிஞ்சினாலும்
வரும் ஆண்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் என்பார்கள் இங்கே.
ஒயார்ஸ் ரொட்டித் துண்டால் கிண்ணத்தைத் துடைத்துத் தின்றார்.
உப்பு குறைவு என்றார்.

போகும்போது கோட்டுப் பையிலிருந்து
ஒரு தீப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.
ஆட்டினால் கலகலத்தது.
கடைசியாக ஒரு கொடியை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறார்.
மேலே, நிலையப் பலகையில் எழுதுவதுபோல்
பெரிய எழுத்தில்:
தின்னக் கூடாது.