அந்தத் தண்ணியும்

ஆவின் நெய் டின்னில் வந்தது மாதிரி எண் பதினான்கு.
நாகலூருக்கு மேலே மிளகுக்கொடிக்குக் குழி தோண்டும்போது
பலகைக்கல் நாலு, நடுவில் இது என்றார் பொன்னாண்டி.
நான் கையுறை மாட்டி முடிக்கும்வரை
டின்னை மேசையில் வைக்கவில்லை, மடியில் வைத்திருந்தார்.

தொடையெலும்பின் நடுத்துண்டு. பதினோரு கிராம் நாற்பது.
மேற்பரப்பு உதிர்ந்து, காபி வேர் ஓடிய தடம்
மருத்துவர் கையெழுத்துப் போல.
நகத்தால் தட்டினேன். நல்ல எலும்பு கணீரென்னும்.
இது ரஸ்க்கைத் தட்டியது போலிருந்தது.
நிறம் செம்பழுப்பு. விரிசல் நீளவாக்கில், ஆழம்.
கேட்டின் அளவு ஐந்துக்கு நான்கு.

"ஆம்பளையா, பொம்பளையா?"
இடுப்பெலும்பு இருந்தால் சொல்லலாம்.
"எத்தன வருசம்?"
உள்ளே புரதம் மிச்சமிருந்தால் சொல்லலாம்.
"இருக்குதான்னு எப்படிப் பாப்பீங்க?"
அதற்குத்தான் கொஞ்சம் அறுக்க வேண்டும் என்றேன்.
சன்னல் பக்கம் திரும்பினார். மேகமில்லாத நாளில்
அங்கிருந்து மலை தெரியும். அன்று மேகம்.
"அறுங்க."

ஒரு கிராம்.

அதே வாரம் வந்தது பதினைந்து,
கருப்பூரில் வீட்டுக்கு வானம் தோண்டிய இடத்திலிருந்து.
பேர்தான் கருப்பூர், மண் வெள்ளை.
வெள்ளைக்கல் மைனில் என் அப்பா இருபத்தாறு வருடம்
சலித்த வெள்ளை, அவர் சட்டையை உதறினால்
என் கணக்கு நோட்டில் விழும் வெள்ளை.
மனிதர் நெஞ்சைத் தின்றது அது, எலும்பைத் தின்னாது.
மலைமண் வேறு. பாக்சைட், புளித்த மண்.
மழை மழையாக இறங்கித் தன் சுண்ணாம்பையெல்லாம்
கீழே அனுப்பிவிட்டுச் சிவந்து கிடப்பது.

இரண்டு குவளை. நீர்த்த அமிலம். குளிர்பெட்டி.

மூன்றாம் நாள் பதினைந்தைத் திறந்தேன்.
கல்லெல்லாம் கரைந்து வடிவம் மட்டும் நின்றது,
ஊறிய ஜவ்வரிசி மாதிரி, ஒளி ஊடுருவ.
இடுக்கியால் அழுத்தினால் திருப்பித் தள்ளியது.
இவருக்கு வயது சொல்லிவிடலாம்.

பதினான்கில் தெளிந்த தண்ணீர்.
விளக்குக்கு நேரே பிடித்தேன், சுழற்றினேன்.
அடியில் செம்மண் துகள் இரண்டு.
இல்லை என்று தெரிந்துகொள்ள
இருந்ததைக் கரைத்திருக்கிறேன்.

துறையின் கடிதத்தோடு வந்தார் பொன்னாண்டி,
மிச்சத்தை அதே குழியில் வைக்க.
என் தராசிலேயே நிறுக்கச் சொன்னார்.
"ஒரு கிராம் கொறையுதுங்களே."
கரைந்துவிட்டது, இதோ, இதில் என்றேன்.
கொஞ்ச நேரம் குவளையைப் பார்த்தார்.
"அப்ப அந்தத் தண்ணியும் எங்களுதுதான்."

அமிலத்தைப் பஸ்ஸில் கொடுத்தனுப்ப எந்த விதியிலும் இடமில்லை.
நாற்காலி போட்டேன். டீ சொன்னேன்.
வெள்ளைக்கல் பொடி ஒரு பொட்டலம்
எப்போதும் என் மேசையில் கிடக்கும், காரணமில்லாமல்.
குவளையைச் சூடாக்கிச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினேன்.
நுரைத்தது. அடங்கியது. மறுபடி நுரைத்தது.
தாளை நனைத்தால் சிவப்பு. இன்னொரு தாள், ஆரஞ்சு.
அவர் டீ ஆறி ஆடை கட்டியது.
தாள் பச்சைக்கு வருகிற நேரம்
குவளை கலங்கியது, அரிசி களைந்த தண்ணீராக.
பிறகு அடியில்
வெள்ளையாக ஏதோ படியத் தொடங்கியது.

அதிசயமில்லை. அமிலம் ஓய்ந்தால்
கால்சியமும் பாஸ்பேட்டும் நீரில் நிற்காது.
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் மேசை விளிம்பில் தாடையை ஊன்றிப்
படிவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
வாயை மூடிக்கொண்டேன்.

பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். மூடியை இருமுறை இறுக்கினார்.
ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு.
"கலங்கிருமே" என்றேன்.
"கலங்கட்டும். மேல போனா உக்காந்துக்கும்."

பதிவேட்டில் பதினான்குக்கு நேரே
திரும்பியது பத்து கிராம் நாற்பது என்று எழுதினேன்.
திரவத்துக்குக் கட்டமில்லை.
ஓரத்தில், பென்சிலில்,
நூற்றிருபது மில்லி.