இருபது பவுண்டு

ஏழடி பிவிசி, ஆறு இஞ்ச் வாய்.
கீழமாசி வீதியில் பேரம் பேசி வாங்கியது.
இரண்டு முனைக்கும் மூடி, பசை,
மேலே கறுப்புப் பெயிண்ட் இரண்டு கோட்டு.

பஞ்சர் கடை ஜக்கரியா
டியூப் வால்வைப் பொருத்தும்போது கேட்டார்:
"குளிக்கவா? நீயா?"
பதினோரு வருசமாய் எனக்கு
டோல்கேட் குழாயும் ஒரு துண்டும்தான்.

நாக்பூர் லோடுக்கு இந்தத் தடவை
பேச்சியும் வருகிறாள்.
"வர்றேன். எங்க குளிக்கிறது?"
அவ்வளவுதான் கேட்டாள்.

கப்பலூரில் முதல் சோதனை.
ஆசையில் நாற்பது பவுண்டு ஏற்றிவிட்டேன்.
மூடி பறந்து
பக்கத்து வைக்கோல் லாரிக்குள் விழுந்தது.
சட்டையோடு குளித்தேன்,
டீக்கடை முழுக்கப் பார்க்க.

மறுபடி பசை. மறுபடி ஒரு ராத்திரி.
இருபது போதும் என்றார் ஜக்கரியா.
கேபின் உச்சியில் பகலெல்லாம் கிடந்தது குழாய்.
மதுரை வெயில் விறகு கேட்பதில்லை.

சாயங்காலம்
லோடு ஏற்றாத பின்தட்டில்
நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டினேன்.
பேச்சி உள்ளே.
நான் முன்னால் நின்று
ரிங்ரோட்டைப் பார்த்தபடி காவல்.

திருகினாள். ஒரு சீறல்,
பிறகு தகரத்தில் மழை.
"சுடுதுய்யா!"
அப்புறம் பேச்சே இல்லை.
டீசல் நாற்றத்தைத் தாண்டிக்கொண்டு
சோப்பு வாசம் வந்தது.

முப்பது லிட்டர்தான்.
மனசுக்குள் கணக்குப் போட்டபடி நிற்கிறேன்.
காற்று இறங்க இறங்க
மழை தூறலாச்சு,
தூறல் சொட்டாச்சு.

"தலையில நுரை இருக்கு.
இன்னும் கொஞ்சம் காத்து அடிங்க."

கால் பம்பின் டியூபை வால்வில் மாட்டி
திரும்பிப் பார்க்காமல்
மிதிக்கிறேன்.