பாதிச் சட்டி

ஜனவரியில் மூன்றே வாரம்,
விட்டால் அடுத்த வருஷம்தான் என்கிறான்
காய்கறிக்கடை டூகல்,
வருஷா வருஷம், முதல்முறை சொல்வதுபோல.
செவிலிலிருந்து வரும் கசப்பு ஆரஞ்சு.
தோலெல்லாம் அம்மைத் தழும்பு,
உள்ளே பாதிக்குமேல் விதை.
சும்மா தின்றால் காதுவரை கூசும்.
ஐந்து கிலோ வாங்கிவிட்டேன்.

சட்டி இன்னும் வரவில்லை.

சட்டியில் பாதிதான் என்னுடையது.
மறுபாதி பக்கத்து வீட்டு எல்ஸ்பெத் ப்ரோடிக்கு.
படகு முதலாளி ஒருவர் நொடித்துப்போன ஏலத்தில்
ஆளுக்குப் பதினோரு பவுண்டு போட்டு எடுத்தோம்.
சுத்தச் செம்பு. கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம்.
அப்போது பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு அந்தப் போட்டி.
மீனவர் கூடத்தில் நீள மேஜை, நாற்பத்தொரு பாட்டில்.
என்னுடையதில் ஒரு கைப்பிடி உலர்ந்த ஆப்ரிகாட்,
ஊறவைத்து நறுக்கிச் சேர்த்திருந்தேன்.
நடுவரம்மா இரண்டாம் முறையும் கரண்டியை விட்டார்.
எனக்கு முதல் பரிசு. எல்ஸ்பெத்துக்கு இரண்டாவது.
தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு
கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:
"அது மர்மலேட் இல்லை. ஜாம்."
நான் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.
முப்பது வருஷம் படகு எஞ்சின்களோடு பேசிய வாய்.

ஒன்பது வருஷமாச்சு.
சட்டியை மட்டும் வெட்டிக்கொள்ள முடியவில்லை.
முதல் வாரம் அவளுக்கு, இரண்டாம் வாரம் எனக்கு.
கழுவித் துடைத்து, கல்சுவர் மேல் கவிழ்த்துவிட்டு
அவரவர் கதவைச் சாத்திக்கொள்வோம்.

இந்த முறை மூன்று நாள் தாமதம்.
இரவு இரண்டு மணிக்கும் அவள் அடுப்படி ஜன்னலில்
விளக்கு, கண்ணாடியில் வேர்வை.
வியாழன் காலை உறைபனியில் சட்டி இருந்தது.
முகம் பார்க்கலாம்; அவள் தேய்ப்பில் குறை சொல்ல முடியாது.
ஆனால் கைப்பிடி ஆணிக்குப் பின்னால்,
துணி போகாத இடுக்கில்,
ஒரு துளி.
ஆரஞ்சின் நிறம் இல்லை. அதைவிடக் கனிந்த மஞ்சள்.
நகத்தால் வழித்து நாக்கில் வைத்தேன்.

ஆப்ரிகாட்.

சிரித்தேனா என்றால், சிரித்தேன்.
சுவரைப் பார்த்து, தனியாக, பல் கட்டும் குளிரில்.
உள்ளே வந்து ஆரஞ்சை அறுக்கும்போதுதான் உறைத்தது:
அந்தத் துளி வழுக்கியது. பிடிப்பே இல்லை.
ஆப்ரிகாட் தனியாக நிற்காது.
மணம் இருக்கும், இனிப்பு இருக்கும்,
எத்தனை இரவு காய்ச்சினாலும் வெறும் பாகு.
ஒரு ஆரஞ்சை உள்ளே போட்டிருக்கலாம்.
கலக்க மாட்டாள். ஜாம் என்றால் ஜாம் அவளுக்கு.

என்னுடையதைக் காய்ச்சினேன்.
விதையை எல்லாம் துணியில் கட்டித்தான் போடுவது,
அந்தக் கொழகொழப்புதான் உறையவைக்கும்.
இந்த முறை பாதி விதையை எடுத்து வைத்தேன்.
உறைபெட்டியில் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு
விரலால் தள்ளினால் சுருக்கம் விழவேண்டும்.
விழுந்தது, ஆனால் அரைமனதாக.
பதினாறு பாட்டில், கொஞ்சம் தளர்வு.
இந்த வருஷம் எதற்கும் அனுப்ப முடியாது.

மீதி விதையை மெல்லிய வெள்ளைத் துணியில் முடிந்து
சட்டிக்குள் வைத்தேன்.
சீட்டு எழுதலாமா என்று பேனாவை எடுத்தேன்.
'இரவு முழுக்க ஊறவை' என்றால்
புத்தி சொல்வதாகிவிடும்.
வேறு எதை எழுதினாலும் மன்னிப்புபோல இருக்கும்.
பேனாவை மூடினேன்.
முறை தப்பி, முதல்முறையாக,
சட்டியை நிமிர்த்தியே சுவரில் வைத்தேன்.

வெள்ளி போனது. சனி போனது.
ஜன்னலில் வேர்வை, பிறகு அதுவும் இல்லை.

ஞாயிறு காலை அவள் துணிக்கொடியில்
வேறு எதுவும் இல்லை, அந்தச் சதுரத் துணி மட்டும்.
துவைத்தும் போகாத மஞ்சள் கறை,
கருவாடுபோல விறைத்துத் தொங்கியது.
காற்றே இல்லாத நாள்.
உள்ளங்கை அகலத் துணிக்கு
நான்கு கிளிப் போட்டிருந்தாள்.