அளக்காமல் வந்த ஆறு

இரண்டு நாள் எங்கள் நிலவறையில் தங்கியிருந்தது
மியூஸ் நதி.
பிறகு சொல்லிக்கொள்ளாமல் போயிற்று.

கிஸ்லான் பல் மருத்துவன்.
வீட்டில் எங்களுக்கு யூரோக் கணக்கு கிடையாது,
பல் கணக்குதான்.
கீழ் அடுக்கிலிருந்த பர்கண்டி
புட்டி ஒன்றுக்கு ஏழு கடைவாய்ப்பல்.
மரப்பெட்டியோடு ஏலத்தில் எடுத்தது
ஒரு முழு வாய்:
பாலத்துக்கு அந்தப்பக்கத்து நோட்டரியின்
மேல்தாடை, கீழ்த்தாடை, இரண்டும்.
என் குளிர்கால மேலங்கியின் உள்துணி கிழிந்து
மூன்று வருடம் ஆகிறது.
அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை என்றால்
அது பொய்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டான்.
வெப்பமானி, ஈரமானி,
எந்தப் புட்டியை எந்த வருடம் திறப்பது என்று
முகூர்த்தம் குறித்த நோட்டுப் புத்தகம்.
ஆறுதான் அளக்காமல் வந்தது.

வடிந்தபின் போய்ப் பார்த்தோம்.
லேபிள்கள் ஒரு மூலையில் கூழாகக் கிடந்தன.
முந்நூற்றுப் பன்னிரண்டு புட்டிகள்,
எல்லாம் சேற்று நிறம்.
அதில் நாற்பது
நான் மாட்டிறைச்சியை வேகவைக்க ஊற்றுவது,
சூப்பர் மார்க்கெட்டில் நாலு யூரோ.
எந்த நாற்பது?

காப்பீட்டுக்காரி திருமதி லெக்யூ
ரப்பர் பூட்ஸோடு இறங்கிவந்தாள்.
உள்ளே இருப்பது கெட்டுவிட்டதா என்றாள்.
இல்லை என்றான்.
பெயர்?
போய்விட்டது என்றான்.
அப்படியானால் விலையும் போய்விட்டது என்று
படிவத்தில் ஒரு பூச்சியம் போட்டாள்.
நல்ல வட்டமான பூச்சியம். பேனாவை எடுக்காமல்.

அன்று இரவு மின்சாரம் இல்லை.
குழாயைத் திறந்தால் பழுப்பாக வந்தது.
டீசல் பம்போடு அடெரிட்டோ
பதினாலு மணி நேரம் நின்றிருந்தார்.
அவர் கேட்டது அறுநூற்று முப்பது யூரோ,
ஒரு பல்லுக்குச் சற்றுக் கூட.
குடிக்க என்ன இருக்கிறது என்றும் கேட்டார்.

வீட்டில் குடிக்க இருந்தது ஒன்றுதான்.

கண்ணாடிக் கோப்பைகளும் சேற்றில்.
கிளினிக்கிலிருந்து எடுத்துவந்தேன்
வாய் கொப்பளிக்கும் பிளாஸ்டிக் குவளைகள்.
கிஸ்லான் பழக்கதோஷத்தில் மூக்கை நுழைத்தான்.
வீடு முழுக்க ஆற்று வாடை.

தக்கையில் பெயர் பொறித்திருக்கும்.
அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
ஒவ்வொன்றாக உருவி உருவி
இருட்டில் என் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.
கொடு, பார்க்கலாம் என்றான்.
முதலில் சொல், பிடித்திருக்கிறதா?

இருபத்தாறு வருடமாக
எது எப்படி ருசிக்கும் என்று எனக்குப் படித்துச் சொன்னவன்
பதில் தெரியாமல்
இன்னொரு வாய் குடித்தான்.

முந்தினது சும்மா, இது நல்லாயிருக்கு என்றார் அடெரிட்டோ,
மழையைப் பற்றிச் சொல்வதுபோல.

நாலாவதோ ஐந்தாவதோ, நினைவில்லை,
அதை வாயில் வைத்ததும்
நான் சொல்லவந்ததை மறந்துபோனேன்.
மூவரும் பேசவில்லை.
தெருவில் யாருடைய பம்போ
இருமிக்கொண்டிருந்தது.
அந்த ஒரு நிமிஷத்துக்கு
எத்தனை பல் கொடுக்கலாம் என்று கேட்டால்
என்னுடையதில் ஒன்றைக் கொடுத்திருப்பேன்.
அதற்குமேல் இல்லை.

பையில் ஓட்டை இருந்தது.
தக்கைகள் நழுவி
கிழிந்த உள்துணிக்குள் இறங்கிவிட்டன.
ரொட்டி வாங்க நடக்கும்போது
முழங்காலுக்குப் பின்னால்
ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன.

இரண்டை மட்டும் விரல்விட்டு எடுத்துப் பார்த்தேன்.
அடெரிட்டோ நல்லாயிருக்கு என்றது எது,
கிஸ்லான் குவளையைக் கவிழ்த்துச் சொட்டவிட்டது எது,
எனக்குத் தெரியும்.

தினமும் காப்பி குடிக்கையில் கேட்கிறான்.
புதிதாக ஒரு மேலங்கி வாங்கித்தருகிறேன் என்கிறான்,
இரண்டு பல் விலையில்,
நல்ல கம்பளி.

வேண்டாம்.
இந்தக் குளிருக்கு இதுவே போதும்.