அசல்

விவாகரத்துத் தாளில் அது இடம்பெறவில்லை.
வீடு அவனுக்கு, கார் எனக்கு.
நாய் ஏற்கெனவே செத்திருந்தது.

ஐம்பத்தேழாம் வருட எம்ஜி, மங்கிய சிவப்பு.
கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது,
உள்ளே கைவிட்டுக் கம்பியை இழுத்தால்தான் திறக்கும்.
அதன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்
டெஸ்மண்ட் தர்ல்வெல்,
பெருந்தன்மையாக.

மறுநாள் ஸ்டார்ட்டர் சுற்றியது, சுற்றியது,
தீப்பொறி இல்லை.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன்.
நடுத்தண்டு மொட்டையாக நின்றது.
ரோட்டார் ஆர்மைக் காணோம்.

கட்டைவிரல் அளவு பேக்கலைட்,
தலையில் ஒரு பித்தளைத் தகடு.
நான்கு சிலிண்டருக்கும் முறைவைத்து
நெருப்பைப் பங்கிடுவது அதன் வேலை.
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

புதிது வாங்கினேன், நாலு பவுண்டு.
பழையதில் தகட்டை வார்ப்பிலேயே பதித்திருப்பார்கள்.
இதில் ரிவெட் அடித்திருக்கிறார்கள், அதுவும் ஒரு நூல் நீளமாக.
சூடேறினால் மின்சாரம் அதன் வழியே
தண்டுக்குள் நழுவிவிடும்,
மடை உடைந்த மாதிரி.

பதினோரு வருடத்தில் மற்றதையெல்லாம் பிடித்துவிட்டேன்.
பின்விளக்குக் கண்ணாடி
லீட்ஸில் ஒரு பல்மருத்துவரின் பரணில் கிடைத்தது.
கார்பரேட்டர்கள் இரண்டுக்கும்
அன்றைக்குப் போட்ட அதே எழுத்து பொறித்த ஊசிகள்.
இருக்கைக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு.
"பன்னிரண்டில் ஒன்று போதுமே" என்றான்
பக்கத்துப் பண்ணை பீத்தம்.
போதும்தான்.
ஸ்டீயரிங்கில் விரல் பதிந்து தேய்ந்த பள்ளங்களை
நிரப்பித் தருவதாகச் சொன்னார் கார்லைல்காரர் ஒருவர்.
அதைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.
எஞ்சினுக்கு அடியில் தகரத் தட்டு.
எண்ணெய் சொட்டும் வரை பயமில்லை,
சொட்டாத அன்றுதான் திறந்து பார்க்க வேண்டும்.

ரோட்டார் ஆர்ம் மட்டும் வருடத்துக்கு ஒன்று.

ஜூனில், ஹார்ட்சைட் கணவாய்.
மேலே ஏறும் வளைவுகளில் ஏழாவதோ எட்டாவதோ.
ஒரு இருமல். அப்புறம் காற்றின் சத்தம் மட்டும்.
ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன, மறுபடி குனிந்தன.
முன்பெட்டியில் துழாவினேன்.
உபரியைப் போன மாதமே போட்டுவிட்டது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அன்று பழைய கார்களின் அணிவகுப்பு.
பளபளப்பாக ஒவ்வொன்றும் ஹார்ன் அடித்துக் கடந்தது.
நின்றது ஒரு சாம்பல்நிற வால்வோ.
இறங்கியவனின் வயிற்றில் பதினோரு வருடம் தெரிந்தது.
பக்கத்து இருக்கையில் ஒரு பெண்,
மடியில் பிளாஸ்க்,
வணக்கம் போல ஏதோ செய்தாள்.

"தீப்பொறி வரலையா, ரொவீனா?"
"உனக்குத் தெரியாததா?"

சாவிக்கொத்தை எடுத்தான்.
கிளம்பிவிடப் போகிறான் என்று நினைத்தேன்.
வால்வோ சாவிக்கும்
ஒரு காலத்தில் என்னுடையதாயிருந்த வாசற்கதவுச் சாவிக்கும் நடுவில்,
கழுத்தில் செப்புக்கம்பி சுற்றித்
தொங்கிக்கொண்டிருந்தது அது.
விரல் பட்டுப் பட்டு மெருகேறியிருந்தது.
முடிச்சை அவிழ்க்க அவனுக்கு நகம் போதவில்லை.
என் இடுக்கியைக் கொடுத்தேன்.

தண்டில் வைத்து அழுத்தினேன்.
காடி காடியைக் கண்டுகொண்டது.
முதல் சுற்றிலேயே பிடித்தது எஞ்சின்,
கணவாய் முழுக்கக் கேட்கும்படி.

"அசல்" என்றான்.
"அசல் சரி. வட்டி?" என்றேன்.
சிரித்தது அந்தப் பெண்தான்.

செத்ததை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
இன்னும் சுட்டது போலிருக்கிறது,
கை மாற்றி மாற்றிப் பிடித்தான்.
பிறகு, யாரும் சொல்லாமலே,
அதே கம்பியைச் சுற்றி
வளையத்தில் கோத்துக்கொண்டான்.

அன்றிரவு கொட்டகையைப் பூட்டுமுன்
மூடியைக் கழற்றி
அதை எடுத்து
என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
எங்கள் பக்கம் திருடர் பயமே கிடையாது.