பத்து எம்எம்

பாடப்புத்தகத்தில் எல்லா போல்ட்டும் கழன்றது.
எர்ணாவூரில் கழலாது.
கடலுக்கும் பட்டறைக்கும் நடுவே
ஒரு சாலை, அதில் வரிசை கட்டிய டிரெய்லர்கள்,
அவ்வளவுதான்.
இரவில் உப்பு வந்து
திருகின் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறது.

டிப்ளமோ ஆட்டோமொபைல், எழுபத்தெட்டு சதவீதம்.
நீட்டிய தாளை ஃபோர்மேன் தேவநேசன் வாங்கவில்லை,
கையெல்லாம் கிரீஸ்.
என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.
நின்றபடியே கண்ணால் படித்துவிட்டு
"அந்த கண்டெய்னர் வண்டி, ரேடியேட்டர் ஹோஸ் ஒழுகுது.
சாப்பாட்டுக்குள்ள முடிச்சிரு" என்றார்.
கேள்வித்தாள்
சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

முதல் போல்ட் அசையவில்லை.
கை தானாக நீளமான பைப்பைத் தேடிப் போனது,
பாதியில் திரும்பியது.
போன மாதம் அண்ணனின் ஆட்டோவில்
அப்படித்தான் ஒரு தலை முறிந்து
ஆயிரத்து இருநூறு ரூபாய் போனது,
நாலு நாள் பேச்சும் போனது.
எண்ணெய் விட்டேன்.
விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.
சும்மா உட்கார்ந்திருப்பதற்கு மார்க் போடும் வாத்தியார்
எங்கள் கல்லூரியில் இருந்ததில்லை.

பன்னிரண்டே முக்காலுக்குப் புது ஹோஸ் ஏறிவிட்டது.
கூலண்ட் ஊற்றி, காற்று வெளியேற்றி,
துணியால் துடைத்து,
சாக்கெட்டுகளைப் பெட்டியில் அடுக்கினேன்.
எட்டு. ஒன்பது.
பதினொன்று.

"சாவி போடாதீங்க!"

டிரைவர் ஏகாம்பரம் தலையை வெளியே நீட்டினார்.
"இன்னாம்மா நீ, ஹார்பர்ல டோக்கன் மூணு மணியோட முடியுது.
ஒரு துண்டு இரும்புக்கு
நாப்பது அடி வண்டி நிக்கணுமா?"
ஹெல்பர் ரியாஸுக்குச் சிரிப்பு.
"பத்து எம்எம் எங்க போனாலும் காணாமதாங்க்கா போவும்.
மூலக்கடையில அறுபது ரூவா, வாங்கிக்கலாம்."

அறுபது ரூபாய்தான்.
ஃபேன் சுற்றும்போது பெல்ட்டுக்குள் போனால்
அது அறுபது ரூபாய் இல்லை.

அட்டையை விரித்துக் கீழே நுழைந்தேன்.
வாயில் செல்போன் டார்ச்.
மேலே ஹாரன், ஒரு தடவை, இன்னொரு தடவை.
ரேடியேட்டர் அடியில் இல்லை.
கவசத்துக்குள் இல்லை.
குறுக்குச் சட்டத்தின் மேல் விரல் ஊர்ந்தபோது
ஏதோ இடறியது.
எடுத்தால்
பதினேழு எம்எம் ஸ்பானர்,
துருவேறி, பெல்ட்டுக்கு ஒரு சாண் தூரத்தில்.
எந்த ஊரில், எந்தப் பட்டறையில்
யார் எண்ணாமல் விட்டதோ.
எத்தனை ஆயிரம் கிலோமீட்டர்
எந்தக் குழிக்குக் காத்திருந்ததோ.

ஏகாம்பரம் இறங்கி வந்து
அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.
அதற்கப்புறம் ஹாரன் அடிக்கவில்லை.

என் பத்து கடைசிவரை கிடைக்கவில்லை.
காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவி,
அதை எங்கும் பார்த்தாயிற்று
என்று எனக்கே உறுதியான பிறகு
"இப்ப போடுங்க" என்றேன்.
ஒழுகல் இல்லை. சூட்டு முள் நடுவில் நின்றது.

ஜாப் கார்டில் எழுதினேன்:
ஹோஸ் மாற்றப்பட்டது.
பத்து எம்எம் சாக்கெட் ஒன்று என்னிடமிருந்து தொலைந்தது,
வண்டிக்குள் தேடப்பட்டது, இல்லை.
ம. வினோலியா.
இரண்டாவது வரியை எழுதும்போது
பேனா கொஞ்சம் திக்கியது.

தேவநேசன் படித்தார். இரண்டாவது வரியில் நின்றார்.
"அந்த ஸ்பானரை டீசல்ல ஊறப் போடு" என்றார்,
"நாளைக்குத் தேய்ச்சுக்கலாம்."

நாளைக்கு.

டப்பாவில் டீசல் ஊற்றிவிட்டு
கையைத் துடைத்தேன், ரொம்ப நேரம்.
எண்ணெயும் விடாத ஒரு போல்ட்
தொண்டையில் இருந்தது.
"சம்பளம் எவ்வளவுண்ணே?"
என்று கேட்டேன்.